சிவகாசி வண்டியில் போன சாவி

சுந்தரபாண்டியத்தில் சேவலுக்கு முன்னால் பஸ் கூவிவிடும். ஐந்தே கால் வண்டி அது. ஊர் எல்லையில் திரும்பும்போதே டிரைவர் ஆரனை அமுக்கத் தொடங்கினால், கடைசி வீட்டுக்காரி கொண்டையை முடிந்துகொண்டு ஓடிவந்து ஏறுகிற வரைக்கும் விடமாட்டார். விருந்தாளி யாராவது வந்து தங்கியிருந்தால் அலறிப்புடைத்து எழுந்து உட்காருவார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் நெஞ்சு திக்கென்கும்.

இது எண்பத்தெட்டாம் வருஷத்துச் சங்கதி. நெல்லும் பருத்தியும் விளைகிற ஊர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்தால்தானே வயல்? தண்ணீர் வராத மாசத்துக்கும் வயிறு உண்டே. அதனால் வீட்டுக்கு ஒரு ஆள் பஸ் ஏறியது. பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூரோடு இறங்கிவிடுவார்கள். மீதிப் பேர் அங்கே வண்டி மாறி ராஜபாளையம் போவார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர்களுக்குச் சொந்த ஊர் வெயில் ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் படும். அதற்காக யாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்கவில்லை, தாயிமாரே. பஸ்ஸுக்குள்ளேயே பூக் கட்டினார்கள், கீரை ஆய்ந்தார்கள், பெண் கேட்டு நிச்சயம் பண்ணினார்கள், சண்டை போட்டு, இறங்குகிறதுக்குள் ராசியும் ஆனார்கள்.

அந்த வண்டியில் ஆறு வருஷமாக ஏறுகிறவள் பரிபூரணம். முப்பத்திரண்டு வயசு. புருஷன் கருத்தையா பட்டாளத்தில் இருந்தான். வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவில் வருவான். வீட்டில் மாமியார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு, கறவை மாடு ஒன்று. இவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி அது. ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிசாக இருக்கும். மேஜைக்குக் கண்ணாடி போட்டு, அடியில் டியூப் லைட்டை எரியவிட்டு, அதன் மேல் துணியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டையோ அறுந்த இழையோ கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு நூலை முடிந்துவிட வேண்டும். பதினான்கு பெண்கள் அந்த ரூமில் வேலை பார்த்தார்கள்.

கார்த்திகை மாசம் அந்த ரூமுக்குத் தலைமையாக இருந்த அம்மாள் வேலையை விட்டு நின்றுகொண்டாள். அடுத்தது யார்? வேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பரிபூரணம். இன்னொருத்தி குருவம்மாள், கம்பெனிக்குப் பின் தெருவிலேயே வீடு, தாளிக்கிற வாசம் செக்கிங் ரூமுக்கு வரும்.

மேனேஜர் காசிராஜன் பரிபூரணத்தைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"இந்தாம்மா, வேலையில உன்னைக் குறை சொல்லல. ஆனா ரூம் சாவி வெளியூர்க்காரி கையில குடுத்து எனக்குப் பழக்கமில்ல. ஒரு நாள் பஸ் வராது, ஒரு நாள் டயர் வெடிக்கும். நீ ராஜபாளையத்துல வீடு பாத்து வந்துரு. சாவியை வாங்கிக்கோ."

"வீட்டைப் பாக்கலாம் சார். மாட்டை எங்க கட்டுறது? மாமியாளை எங்க வைக்கிறது? எங்க அத்தை சொந்தக் கிணத்துத் தண்ணி இல்லாம ஒரு வாய் குடிக்க மாட்டாக."

"அப்போ குருவம்மாளுக்குக் குடுக்க வேண்டியதுதான்."

"ஆறு வருஷத்துக் கார்டும் உங்க பீரோவுலதான இருக்கு? எடுத்துப் பாருங்க. நான் எத்தனை நாள் லேட்டு, பின் தெருவுக்காரவுக எத்தனை நாள் லேட்டுன்னு பாத்துட்டுப் பொறவு சொல்லுங்க."

காசிராஜன் எடுத்துப் பார்த்தார். பார்த்த முகம் கொஞ்சம் மாறிப்போனது. குருவம்மாளுக்கு மாசத்தில் நாலைந்து நாள் லேட்டு. பரிபூரணத்துக்கு ஆறு வருஷத்திலும் மூன்று நாள், அதிலும் ஒன்று புயல்.

"சரே, சரே," என்றார். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. மனசு இளகினால் அது வாயில் வந்துவிடும். "ஒரு மாசம் சாவி உன் கையில இருக்கட்டும். காலையில ஏழரைக்கு வேலை தொடங்கணும். பஸ்ஸால ஒரு நாள் வேலை நின்னாலும் சாவி குருவம்மாளுக்கு. பேச்சு மாற மாட்டேன்."

"நானும் மாற மாட்டேன் சார்," என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாவி என்றால் கொலுசுத் திருகாணி மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டுக்கல் பூட்டுக்குரிய சாவி, சாண் நீளம். முதல் நாள் இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ்ஸில் நின்றாள். பக்கத்தில் நின்றவள், "ஏட்டி, என்னத்தை வச்சு விலாவுல குத்துத?" என்று கத்தினாள். மறுநாளிலிருந்து சாவி, தூக்குச்சட்டியோடு சேர்ந்து காக்கிப் பைக்குள் போய்விட்டது. பட்டாளத்திலிருந்து கருத்தையா கொண்டுவந்து கொடுத்த கெட்டித் துணிப் பை அது.

இருபத்தைந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. இருபத்தாறாம் நாள்தான் வம்பு வந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் சீட்டுப் போடுகிற வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் வண்டி புறப்படப் பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் டீ குடிக்கிறவர்கள் குடிப்பார்கள், முகம் கழுவுகிறவர்கள் கழுவுவார்கள். போவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிடுவார்கள். போட்டால் அது போட்டதுதான். தாசில்தாரே வந்தாலும் அதை எடுத்துவிட்டு உட்கார மாட்டார். துண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வருவார்களே தவிர, துண்டை ஒருத்தர் தொட்டதாக அந்த ரோட்டில் பேச்சு கிடையாது. சொந்தச் சித்தப்பன் பங்கை அமுக்குகிறவன்கூட சீட்டில் கிடக்கிற துண்டை அமுக்க மாட்டான். எப்படி வந்ததோ அப்படி ஒரு மரியாதை.

பரிபூரணத்தின் கை ஆறு வருஷமாகப் பழகின கை. பஸ் ஸ்டாண்டின் மூன்றாவது கட்டத்தில் ராஜபாளையம் வண்டி நிற்கும். நடந்து வருகிற வாக்கில், நாலாவது ஜன்னலில் பையை உள்ளே தள்ளிவிட்டு, நிற்காமல் போய்விடுவாள். தலையைக்கூடத் தூக்க மாட்டாள்.

அன்றைக்கு மார்கழி மாசம். கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்பெஷல் வண்டிகளுக்காக எல்லா வண்டியையும் இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். பனி வேறு, விளக்கெல்லாம் பஞ்சுக்குள் எரிகிற மாதிரி இருந்தது. பரிபூரணம் வந்தாள். மூன்றாவது கட்டத்தில் வண்டி நின்றது. நாலாவது ஜன்னலில் பையைத் தள்ளினாள். சுந்தரபாண்டியத்திலிருந்து கூடவே வருகிற வெள்ளைத்தாய் அங்கேதான் பூ வியாபாரம் செய்கிறவள். அவளுடைய கூடையை ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்தாள்.

"மல்லி இன்னைக்கு என்ன விலையோ?" என்று கேட்டாள்.

"ஆண்டாள் கழுத்துக்குப் போறது போக மிச்சம்தானே நமக்கு? தீ விலைதான்," என்றாள் வெள்ளைத்தாய், கூடையைத் திறந்துகொண்டே. "இரு, ஒரு இணுக்கு வச்சுக்கிட்டுப் போ."

கண்டக்டர் விசில் அடித்தார். மூன்றாவது கட்டத்து வண்டி பின்னால் வந்து திரும்பியது. அப்போதுதான் நெற்றிப் பலகை விளக்கில் பட்டது. சிவகாசி.

"ஐயையோ, என் பை!"

ஓடினாள். "ஏ கண்டக்டர், நிறுத்துங்க! பை, பை!" என்று கத்தினாள். கோயில் கூட்டத்தில் ஒருத்தர் அவளுக்கு வழி விடுவதாக நினைத்து வலப்பக்கம் நகர, அவளும் வலப்பக்கம் போக, இருவரும் இரண்டு தடவை கும்மியடித்து முடிப்பதற்குள் வண்டி தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டது.

வெள்ளைத்தாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "போனா போகுது, ஒரு நாள் சோறுதானே?"

"சாவி, மதினி. ரூம் சாவி உள்ள இருக்கு."

வெள்ளைத்தாய்க்கு எல்லாம் தெரியும். இருபத்தாறு நாளாக அந்தச் சாவிப் பேச்சுதானே பஸ்ஸில் ஓடியது. அவள் வாயில் கை வைத்தாள்.

"அப்போ அடுத்த வண்டியில பின்னாலேயே போட்டி."

பரிபூரணம் நின்று யோசித்தாள். அடுத்த சிவகாசி வண்டி ஏழு மணிக்கு. அதில் போய், தேடி, திரும்பி வந்து ராஜபாளையம் சேர்கிறபோது உச்சிக்கு வந்துவிடும். அதுவரை மற்றப் பதிமூன்று பெண்களும் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏன் வரவில்லை என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

"இல்ல மதினி. நான் வேலைக்குப் போறேன்."

"சாவி இல்லாமப் போயி என்ன செய்வே?"

"சாவி இல்லாம ஆள் போனா ஏதாச்சும் செய்யலாம். ஆளும் இல்லாம சாவியும் இல்லாமப் போனா அம்புட்டும் போச்சு. பை எங்கேயும் போகாது. சீட்டுல கிடக்கு. யாரு தொடப்போறா? எட்டரைக்கு அதே வண்டி இங்க திரும்பி வரும். நாலாவது ஜன்னல். நீ எடுத்துக் குடுத்துவிடுறியா?"

"குடுத்துவிடுறதென்ன, நானே கொண்டாறேன், போ," என்றாள் வெள்ளைத்தாய்.

சில்லறை இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. ஐந்தாவது கட்டத்தில் நின்ற ராஜபாளையம் வண்டியில் ஏறி, சீட்டுப் போடாத பாவத்துக்கு நின்றுகொண்டே போனாள். ஒரு கணக்குப் போட்டாள். எட்டரைக்குப் பை வந்தால் ஒன்பதரைக்குக் கம்பெனியில் இருக்கும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை வேலை நிற்கக் கூடாது. அவ்வளவுதானே? பயந்தால் சாவி சீக்கிரம் வந்துவிடுமா என்ன? வண்டி குலுங்குகிற குலுக்கலில் அவள் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

ஏழே காலுக்குக் கம்பெனி வாசலில் நுழைந்தாள். செக்கிங் ரூம் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். குருவம்மாள் அன்றைக்கென்று நேரத்தோடு வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பை எங்க பரிபூரணம்?" என்று முதலிலேயே கேட்டுவிட்டாள். கண் என்றால் அது கண்.

"சிவகாசிக்குப் போயிருக்கு," என்றாள் பரிபூரணம்.

ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எல்லார் முன்னாலும் சொன்னாள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி உச்சுக்கொட்டினாள். குருவம்மாள் படியிலிருந்து எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பட்டாசு வாங்கப் போயிருக்கும் போல. நான் அப்பவே சொன்னேன், பஸ்ஸை நம்பிப் பொழைக்கிறவளுக்கு எதுக்கு இந்தச் சாவின்னு. மேனேஜர் வரட்டும்."

"வரட்டும். அதுக்குள்ள ஏழரை ஆயிரும். வாங்க, களத்துக்குப் போவோம்."

"களத்துல என்னட்டி வேலை?"

கம்பெனிக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி. வெளுத்த துணியை ஆண்கள் விடியும்போதே தொட்டியிலிருந்து எடுத்து வந்து, அங்கே நட்டிருக்கிற கம்புகளுக்கு நடுவில் கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். காய்ந்ததைச் சுருட்டி ரூமுக்குக் கொண்டுவந்து, மறுநாள் இவர்கள் மேஜையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படித்தான் எப்போதும் நடக்கும். அன்றைக்கு வெயில் அப்போதுதான் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே மலை முழுசும் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. வரிசை வரிசையாகத் துணி தொங்க, அதன் வழியாக வெயில் இந்தப் பக்கம் வடிந்துகொண்டிருந்தது.

"மேஜைக்கு அடியில லைட்டு எதுக்கு எரியுது? துணிக்குப் பின்னால வெளிச்சம் வேணும்னுதான?" என்றாள் பரிபூரணம். "இங்க எம்புட்டு வெளிச்சம் பாருங்க. ஆளுக்கு ஒரு கயிறு. வெயிலைப் பாத்து நில்லுங்க, துணியை நடுவுல வச்சுப் பாருங்க. நிழல்ல வேண்டாம்."

"குறையைக் கண்டா எதை வச்சு முடியுறது? சிவப்பு நூல்கண்டெல்லாம் ரூமுக்குள்ளதான கிடக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

பரிபூரணம் கட்டியிருந்தது சிவப்புக் கண்டாங்கிச் சேலை. முந்தானை ஓரத்தைப் பிடித்து ஒரு இழையை உருவினாள். சர்ரென்று முழ நீளத்துக்கு வந்தது.

"இந்தா. தீரத் தீர வாங்கிக்கோங்க."

"நல்ல சேலையைக் கெடுக்குதியே!"

"சேலை பஸ்ஸுலேயே பாதி கிழிஞ்சாச்சு. நீ பாரு."

ஏழரைச் சங்கு ஊதியபோது பதிமூன்று பெண்கள் கயிற்றோரம் நின்றார்கள். குருவம்மாள் மட்டும் தொட்டிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். "வெயில்ல நிக்க என் உடம்பு ஒத்துக்காது," என்றாள். யாரும் கெஞ்சவில்லை. அவளும் எத்தனை நேரம்தான் சும்மா உட்காருவாள்? பக்கத்துக் கயிற்றில் ஒருத்தி மளமளவென்று துணியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, நில்லு. அது கண்ணா புண்ணா? எம்மாம்பெரிய ஓட்டையை விட்டுட்டுப் போறா பாரு! நகரு."

எழுந்து வந்து ஓட்டையைக் காட்டினாள். பிறகு அடுத்ததைக் காட்டினாள். பிறகு, "ஏ பரிபூரணம், நூல் குடு," என்று கையை நீட்டினாள். பரிபூரணம் உருவிக் கொடுத்தாள். வேலை தெரிந்தவளுக்குக் குறையைக் கண்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அவள் எதிராளியாக இருந்தாலும் அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

காசிராஜன் எட்டரைக்கு வந்தார். ரூம் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் விஷயத்தைச் சொல்லிவிட்டான். முகம் சிவக்கக் களத்துக்கு வந்தார்.

"என்னம்மா இது? நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக சார். ஏழரைக்கு வேலை தொடங்கணும்னு சொன்னீக. தொடங்கியாச்சு. தப்பு எங்கிட்டதான், வண்டிப் பலகையைப் பாக்காம பையைப் போட்டுட்டேன். சாவி பத்து மணிக்குள்ள வந்துரும்."

"எங்கிருந்து வரும்? ஊர்பேர் தெரியாத வண்டியில கிடக்கிற பை. எவன் எடுத்துட்டுப் போனானோ!"

"எடுக்க மாட்டாக சார். சீட்டுப் போட்ட பை."

ஸ்கூட்டரில் போகிற மனுஷனுக்கு இது எப்படி விளங்கும்? அவர் தலையில் அடித்துக்கொண்டார். ரூமுக்குள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முப்பது கட்டு இருந்தது. பதினோரு மணிக்கு லாரி வரும். இன்னொரு சாவி முதலாளி வீட்டுப் பீரோவில். முதலாளி மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார், பீரோச் சாவியும் அவரோடு போயிருந்தது.

"பூட்டை உடைக்கச் சொல்றேன்," என்றார்.

"பத்து மணி வரைக்கும் பொறுங்க சார். பத்துக்கு வரலன்னா நானே உடைக்கச் சொல்லுதேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொங்குகிற துணியைப் பார்த்தார். "சரே, பத்து," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். போய் பஸ் ஸ்டாண்டுக்குப் போன் போட்டுப் பார்த்தாராம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

ஒன்பதரை ஆயிற்று. வாசலில் யாரும் இல்லை. ஒன்பதே முக்கால் ஆயிற்று. பரிபூரணம் தெருப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள், கை நின்றுபோகும். ஆனால் தாயிமாரே, அந்தக் கால் மணி நேரத்தில் பார்த்த துணியையே அவள் இரண்டு தடவை பார்த்தாள். பை போயிருக்காது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளைத்தாய் வராமல் இருக்க மாட்டாள், அதிலும் சந்தேகம் இல்லை. வண்டிக்குத்தான் என்ன ஆயிற்றோ? பஸ்ஸை நம்பினவளுக்குச் சாவி எதற்கு என்று குருவம்மாள் சொன்னது அப்போதுதான் சுருக்கென்று தைத்தது.

ஆபீஸ் கடிகாரம் பத்து அடித்தது. காசிராஜன் வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பரிபூரணம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் சொன்ன நேரம் ஆயிப்போச்சு சார். உடைங்க."

வாட்ச்மேன் கடப்பாரையைக் கொண்டுவந்தான். பூட்டின் வளையத்துக்குள் விட்டு நெம்பினான். பூட்டு அசையவில்லை. சுத்தியலால் அடித்தான். தெருவே கேட்டது, பூட்டுக்குக் கேட்கவில்லை. தொட்டி வேலை பார்க்கிற ஆண்கள் இருவர் வந்து ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். கதவில் கால் இஞ்சுக்குப் பலகை பெயர்ந்து வந்ததே தவிர, பூட்டு புதுமாப்பிள்ளை மாதிரி அப்படியே விறைத்துக்கொண்டு நின்றது.

"திண்டுக்கல் பூட்டு சார்," என்றான் வாட்ச்மேன், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "முதலாளி ஆசையா வாங்குனது."

"தெரியும்டா, அடி!"

கால் மணி நேரம் அந்தக் கூத்து நடந்தது. அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஏலே, நிறுத்துங்கலே! கதவை என்ன பாடு படுத்துறீங்க!"

வெள்ளைத்தாய். இடுப்பில் பூக்கூடை, தோளில் காக்கிப் பை. வேர்த்து விறுவிறுத்து வந்தவள், பையை எடுத்துப் பரிபூரணத்தின் கையில் கொடுத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடுங்கட்டி மொதல்ல."

தண்ணீர் வந்தது. குடித்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஏன் மதினி இம்புட்டு நேரம்?"

"என்னைக் கேக்குதியா? சாத்தூர் வண்டி ரிப்பேராம். அதுக்குப் பதிலா இந்தச் சிவகாசி வண்டியைச் சாத்தூர் வரைக்கும் விட்டுட்டாக. உன் பை சாத்தூர் பாத்துட்டு வந்திருக்கு. நான் இன்னும் சாத்தூர் பாத்ததில்ல."

காசிராஜன் முன்னால் வந்தார். "யாரும் எடுத்துப் பாக்கலியா? கண்டக்டர் எடுத்து வச்சிருந்தாரா?"

வெள்ளைத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்டக்டர் எதுக்கு எடுக்காரு? போட்ட இடத்துல போட்டபடி கிடந்துச்சு. போகும்போது சிவகாசிக் கூட்டம் அம்புட்டும் நின்னுக்கிட்டே போயிருக்கு. வரும்போது சாத்தூர்க் கூட்டம் நின்னுக்கிட்டே வந்திருக்கு. ஆளு வரும், ஆளு வரும்னு இருந்திருக்காக. நான் ஜன்னல்ல கையை விட்டு எடுத்தேனா, ஒரு பெரியவர் என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. 'ஏம்மா, சீட்டுப் போட்டவிய இன்னும் வரல, நீ யாரு எடுக்கிறது?'ன்னு சண்டை. உள்ள என்ன இருக்குன்னு சொல்லு, குடுக்கேன்ங்கிறாரு. தூக்குச்சட்டியில என்ன சோறுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாண் நீளச் சாவி இருக்குன்னேன். திறந்து பாத்துட்டுத்தான் குடுத்தாரு."

காசிராஜன் வாட்ச்மேன் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தார், பெயர்ந்த பலகையைப் பார்த்தார்.

பரிபூரணம் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். ஒரு சுற்று, கிளிக். ஆண்கள் மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முப்பது கட்டும் வெளியே வந்து வாசலில் அடுக்கியாயிற்று. லாரி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அவள் சாவியைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

"பத்துன்னு சொன்னேன், பத்தே காலுக்கு வந்துச்சு. அது என் தப்பு. கதவுப் பலகையும் பெயர்ந்து போச்சு. ஆனா வேலை ஒரு நிமிஷம் நிக்கல. களத்துல போயிப் பாருங்க. வழக்கமா இந்நேரத்துக்கு எம்புட்டுத் துணி பாப்போம், இன்னைக்கு எம்புட்டுப் பாத்திருக்கோம்னு நீங்களே கேளுங்க. அதுக்குப் பொறவு யாருக்குக் குடுக்கணுமோ குடுங்க."

அவர் எழுந்து போனார். கயிறு கயிறாக நடந்தார். வெள்ளைத் துணியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு முடிச்சு. ஒரு முடிச்சைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். மயிரிழை மாதிரி ஒரு அறுந்த இழை. மேஜையில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"குருவம்மா," என்று கூப்பிட்டார். "நீ சொல்லு. நான் சொன்ன பேச்சுப்படி பாத்தா சாவி உனக்கு வரணும்."

எல்லாரும் குருவம்மாளைப் பார்த்தார்கள். அவள் கையில் நூல் இருந்தது. பல்லால் கடித்து அறுத்தாள்.

"வேலை நின்னாத்தான எனக்குன்னு சொன்னீக? எங்க நின்னுச்சு? எனக்கு முதுகுதான் பொளந்துபோச்சு," என்றாள். பிறகு பரிபூரணத்தின் பக்கம் திரும்பினாள். "சாவி எனக்கு ஆசைதான், இல்லன்னு சொல்லல. ஆனா இன்னொருத்தி பை தொலைஞ்சதால வாங்குற சாவி எனக்கு வேண்டாம். அடுத்த மாசம் நீ லேட்டா வா, அப்போ வாங்கிக்கிடுதேன்."

"வந்தா வாங்கிக்கோ மதினி," என்றாள் பரிபூரணம். இருவருமே சிரித்துவிட்டார்கள். சிநேகமாகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருத்தி வேலை இன்னொருத்திக்குத் தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான்.

பரிபூரணம் மேனேஜரிடம் இன்னொன்றும் சொன்னாள். "நாளையிலிருந்து ஏழரைக்கு நேரா களத்துக்கு வந்துருவோம் சார். வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு பார்வை இங்கேயே பாத்துருவோம். பொறவு மேஜையில பாதி வேலைதான் இருக்கும். கரண்டும் மிச்சம்."

காசிராஜன் ஆபீசுக்குத் திரும்பி, பீரோவிலிருந்து ஒரு கனத்த ரிஜிஸ்டரை எடுத்தார். ஒவ்வொரு பகுதிக்கும் தலைமையாக இருக்கிறவர்கள் பேர் எழுதுகிற ரிஜிஸ்டர் அது. செக்கிங் என்ற பக்கத்தைப் புரட்டினார். அதில் அதுவரைக்கும் எழுதியிருந்த பேரெல்லாம் ராஜபாளையத்துத் தெருக்களில் இருந்தவர்கள். பேனாவை உதறி, பரிபூரணம் என்று எழுதினார்.

"விலாசம்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் கேட்டார்.

"சுந்தரபாண்டியம், சார். வத்திராயிருப்பு வழி."

அவர் எழுதுகிற வரைக்கும் நின்றாள். எழுதி முடித்து, மை காய ஊதினார்.

"எழுதிட்டீகளா? சாவியைக் குடுங்க," என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "களத்துல வெயில் ஏறிப்போச்சு. புள்ளைகளை உள்ள கூப்பிடணும்."